250 ஓம் ஹெட்போனுக்குத் தனி ஆம்ப்ளிஃபையர் வாங்கத்தான் வேண்டுமா?

வீடு சோமனூரில். பக்கத்துச் சந்தில் இரவெல்லாம் விசைத்தறி ஓடும். அந்தச் சத்தத்தை மறைத்துப் பாட்டுக் கேட்க, காதை முழுக்க மூடும் பெயர்டைனமிக் டிடி 770 ப்ரோ ஹெட்போனை அண்ணன் மகனிடமிருந்து வாங்கினேன். 250 ஓம் (மின்தடை அளவு) வகை. கணினியில் ஒலியை நூறுக்கு வைத்தாலும் நாகஸ்வரம் அடுத்த தெருக் கல்யாணத்தில் கேட்பதுபோல்தான் இருக்கிறது. பழைய 32 ஓம் ஹெட்போனோ நாற்பதிலேயே காதைக் கிழிக்கும்.

ஓம் கூடினால் மின்னழுத்தமும் கூடுதலாக வேண்டும், அதைத் தருவது ஆம்ப்ளிஃபையர் என்பதுவரை புரிகிறது. குழப்பம் வேறு இடத்தில். கணினியின் முன்பக்கத் துளையில் செருகினால், மவுஸை நகர்த்தும்போதெல்லாம் 'கிர்ர்' என்று ஓர் இரைச்சல். பின்பக்கத்தில் செருகினால் பெருமளவு குறைகிறது, முழுதாகப் போவதில்லை. இதே துளையிலிருந்து ஆம்ப்ளிஃபையருக்கு வயர் இழுத்தால் இரைச்சலும் சேர்ந்து பெருகாதா? யுஎஸ்பியில் செருகும், டிஏசியும் (டிஜிட்டல் ஒலியை ஹெட்போனுக்கான மின்சமிக்ஞையாக மாற்றுவது) ஆம்ப்ளிஃபையரும் ஒன்றாக உள்ள சிறு கருவி போதுமா? கோவையில் ஒரு கடைக்காரர் இரண்டையும் தனித்தனியாக வாங்கச் சொல்கிறார். அவருக்கு வியாபாரம், எனக்கு ஐந்தாயிரம்தான் கணக்கு.

இதே 250 ஓம் வகையைக் கணினியில் பயன்படுத்துகிறவர்கள், எதில் செருகிக் கேட்கிறீர்கள் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.