மறுமொழி: சகாவியின் ‘ஹேண்டிகேப்’ – ஊனமா, சுமையா?

அன்புள்ள ஐயா, குழு நண்பர்களுக்கு,

இஸ்ரேலிய உயிரியலாளர் அமோட்ஸ் சகாவியின் ‘ஹேண்டிகேப் பிரின்சிபிள்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று குழுவில் நடக்கும் பேச்சுக்கு என் பதில் இது.

> அகராதியில் ஊனம், குறைபாடு என்றுதான் இருக்கிறது. ‘ஊனக் கோட்பாடு’ என்றே வைத்துக்கொள்ளலாமே?

வேண்டாம் ஐயா. மாற்றுத்திறனாளி என்ற சொல்லை அரசே ஏற்று வழங்கும் காலத்தில், ஊனத்தை மறுபடி கலைச்சொல்லுக்குள் கொண்டுவரக் கூடாது. அதோடு, அமோட்ஸ் சகாவி குறைபாட்டைப் பற்றிப் பேசவே இல்லை. குதிரைப் பந்தயத்தில் ஹேண்டிகேப் என்றால் வலுவான குதிரையின் மேல் ஏற்றும் கூடுதல் எடை. நோஞ்சான் குதிரைக்கு அந்த எடை கிடையாது. இந்தப் பொருளில் பார்த்தால்தான் சகாவி சொல்வது பிடிபடும்.

அவர் 1975இல் எழுதிய கட்டுரையின் சாரம் இதுதான்: மயிலின் தோகை அதற்குப் பெரும் பாரம். பறக்கத் தடை, ஒளியத் தடை. இத்தனையும் சுமந்துகொண்டு ஒரு சேவல் உயிரோடு திரிகிறது என்றால் அதன் உடல் வலு பொய்யாக இருக்க முடியாது. பெட்டைக்கு அந்தத் தோகை ஒரு சோதனை.

நெல்லைப் பக்கத்து ஊர்களில் கிடக்கும் இளவட்டக்கல்லை நினைத்துப் பாருங்கள். “எனக்குத் தெம்பு இருக்கிறது” என்று யாரும் வாயால் சொல்லிவிடலாம். கல்லைத் தூக்கித் தோள் வழியே பின்னால் போட்டுக் காட்டுவது எல்லோராலும் ஆகாது. கல் எல்லோருக்கும் ஒரே எடைதான், அது அழுத்துவதுதான் ஆளுக்கு ஆள் வேறு.

> ‘வீண்சுமை’ எப்படி?

அழகாக இருக்கிறது அம்மா. ஆனால் விவாதமே அந்த ‘வீண்’ என்பதில்தான் நடந்தது. பரிணாம உயிரியலாளர் ஜான் மேனார்ட் ஸ்மித் 1976இலேயே சகாவியின் வாதம் நிற்காது என்று கணக்குப் போட்டு எழுதினார். 1990இல் ஆலன் கிராஃபன் வேறு கணக்கோடு வந்து, ஒரே சைகை (தன் வலுவைப் பிறருக்குக் காட்டும் அடையாளம்) வலியவனைவிட மெலியவனுக்கு அதிகச் செலவு வைக்குமானால் அது நம்பத்தக்கதாக நிலைக்கும் என்று காட்டினார். பலரும் சகாவி பக்கம் திரும்பியது அதன் பிறகுதான். 2020இல் பென், சமாடோ என்ற இரு ஆய்வாளர்கள், கிராஃபன் நிறுவியது சகாவி சொன்னதையே அல்ல, செலவழிப்பதால் மட்டும் ஒரு சைகை மெய்யாகிவிடாது என்று விரிவாக மறுத்திருக்கிறார்கள். அவர்கள் வாதத்தில் எனக்கு உடன்பாடு உண்டு. அதனாலேயே ‘வீண்’ என்ற தீர்ப்பைச் சொல்லுக்குள் பூட்டிவைக்க வேண்டாம் என்கிறேன்.

‘தேர்வுச்சுமை’ என்று முதலில் நானே எழுதி வைத்திருந்தேன். இயற்கைத் தேர்வு, துணைத் தேர்வு என்ற வரிசையில் நன்றாகப் பொருந்துகிறது. ஆனால் பள்ளிப் பிள்ளைகளின் பரீட்சைப் பாரத்தைப் பத்திரிகைகள் அப்படித்தான் எழுதுகின்றன. அடித்துவிட்டேன்.

என் பரிந்துரை: மெய்ச்சுமை. மெய் என்றால் உடல், மெய் என்றால் உண்மை. உடலால் சுமப்பது, உண்மையைக் காட்டுவது. உள்ளே இருப்பது உடல்வழி வெளிப்படுவதை நம் இலக்கணம் மெய்ப்பாடு என்று சொல்லிவைத்திருக்கிறது, அதன் சாயலும் இதில் விழுகிறது. ஓநாயைக் கண்ட மான் தலைதெறிக்க ஓடாமல், தன் வலுவைக் காட்ட நின்ற இடத்திலேயே துள்ளுவதையும் இந்தச் சொல் தாங்கும். அங்கே எடை ஏதும் இல்லாவிட்டாலும் சுமப்பது உடல்தான். ஆர்க்கிமிடிஸ் தத்துவம் என்று படித்துப் பழகியவர்கள் நாம், ஆகவே ‘கோட்பாடு’ வேண்டாம், ‘மெய்ச்சுமைத் தத்துவம்’ என்றே இருக்கட்டும்.

சொல்லைச் சோதிக்க அவருடைய களத்துக்கே போகலாம். இஸ்ரேலின் அரவா பள்ளத்தாக்கில் ஹட்சேவா என்ற இடத்தில், 1970களின் தொடக்கத்திலிருந்து சகாவியும் மனைவி அவிஷாகும் அரேபியச் சிலம்பன்களைப் பார்த்துவந்தார்கள். நம் தோட்டத்துத் தவிட்டுக்குருவிக்கு நெருங்கிய சொந்தம், அதே போலக் கூட்டமாகத் தரையில் கிளறித் திரியும். ஒவ்வொன்றின் காலிலும் வண்ண வளையம். மனிதர் பக்கத்தில் நின்றாலும் மிரளாத அளவுக்குப் பழக்கிவைத்திருந்தார்கள். 2017இல் காலமாகும்வரை சகாவிக்கு அந்தப் பறவைகள்தான் உலகம். ஒரு பறவை மரத்தின் உச்சியில் காவல் இருக்கும், மற்றவை மேயும். இதைத் தியாகம் என்று பிறர் சொன்னபோது, காவலுக்குப் போட்டி நடக்கிறது, மூத்தது இளையதை இறக்கிவிட்டுத் தான் ஏறுகிறது, அதனால் கூட்டத்தில் அதன் மதிப்பு உயர்கிறது என்றார் சகாவி. பின்னால் அதே பறவைகளை ஆராய்ந்த சிலர் இதை ஏற்கவில்லை. அவர் பார்வையில் எழுதும்போது “காவல் ஒரு மெய்ச்சுமை” என்று எழுதிப் பார்த்தேன். இடறவில்லை. “காவல் ஓர் ஊனம்” என்று எழுத முடியுமா?

எனக்கு ஒரே ஒரு ஐயம். இயற்பியல்காரர்கள் மெய்ச்சுமையை ‘உண்மையான எடை’ என்று படித்துவிடுவார்களோ? குழுவில் உள்ள இயற்பியல் ஆசிரியர்கள், அந்தத் துறையில் இது வேறு பொருளில் வழங்குகிறதா என்று பார்த்து இரண்டு நாளுக்குள் சொன்னால், கட்டுரையைத் திருத்தி அனுப்பிவிடுவேன்.

அன்புடன்