போடிமெட்டு ஏற்றத்துக்கு எத்தனை பல் வேண்டும்?

நண்பர்களே, வணக்கம். கம்பத்தில் சைக்கிளில் கிளம்பி, முல்லைப் பெரியாற்றுப் பள்ளத்தாக்கில் உத்தமபாளையம், தேவாரம் வழியாகப் போடி, அங்கிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போடிமெட்டு போக ஆசை. வயல்களுக்கு நடுவே மிதிப்பது தனிச் சுகம். எதிர்க்காற்று மட்டும்தான் வாட்டும்.

பயமெல்லாம் மலையில்தான். என் சைக்கிளில் முன்னால் சிறிய பல்சக்கரம் 34 பல், பின்னால் பெரிய பல்சக்கரம் 28 பல். சென்ற முறை ஏழாவது வளைவிலேயே தொடை பிடித்துக்கொண்டது. பின்னால் 32 போதுமா, 34 வேண்டுமா? 34 போட்டால் பின்பக்க டீரெய்லரையும் (சங்கிலியை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் கருவி) மாற்ற வேண்டுமா?

இறங்கும்போது பிரேக் கட்டை கருகும் வாடை வந்தது. ரிம்மைத் தொட்டால் சுட்டது. விட்டு விட்டுத்தான் பிடித்தேன், அப்படியும் இந்த நிலை. அந்த மலையில் ஏறி இறங்கியவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.