'சான்ஸ் டு' சரி, 'ஹாபிட் டு' ஏன் தப்பு?

சிங்கப்பூர் ஈசூனிலிருந்து எழுதுகிறேன். மகள் உயர்நிலை 1. ஆங்கிலக் கட்டுரையில் 'ஷி ஹாஸ் எ ஹாபிட் டு ரீட்' என்று எழுதினாள். ஆசிரியர் 'ஹாபிட் ஆஃப் ரீடிங்' என்று திருத்திவிட்டார். அடுத்த வரியில் 'எ சான்ஸ் டு ஸ்பீக்', அதற்குச் சரி போட்டிருக்கிறார். ஏன் என்று கேட்டாள். இரவு முழுக்க யோசித்தும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பதில் 1:
பெயர்ச்சொல் எங்கிருந்து பிறந்தது என்று பாருங்கள். டிசைட் டு, அதனால் டிசிஷன் டு. ரெஃப்யூஸ் டு, ரெஃப்யூசல் டு. ஏபிள் டு, அபிலிட்டி டு. பெரும்பாலும் இனிமேல் செய்யப்போகும் செயலுக்கே 'டு' வரும். பழக்கம் ஏற்கெனவே நடப்பது, அதனால் 'ஆஃப்'. ஆனால் ரிஸ்க், பாசிபிலிட்டி இரண்டும் வரப்போவதைச் சொன்னாலும் 'ஆஃப்'தான் கேட்கும். அவற்றை மனப்பாடம் செய்யத்தான் வேண்டும்.

பதில் 2:
தமிழிலேயே பாருங்களேன். 'பேச வாய்ப்பு', 'சாப்பிட நேரம்' என்கிறோம்; ஆனால் 'படிக்கப் பழக்கம்' என்பதில்லை, 'படிக்கும் பழக்கம்'தான். 'பேச' போல வந்தால் 'டு', 'படிக்கும்' போல வந்தால் 'ஆஃப்'. எல்லா இடத்திலும் பொருந்தாது, 'போகும் முடிவு' ஆங்கிலத்தில் 'டிசிஷன் டு கோ' ஆகிவிடும். அப்புறம் இன்னொன்று: 'எ சேர் டு சிட் ஆன்' என்பதில் கடைசி 'ஆன்' முக்கியம். நாற்காலி'யில்' உட்காருகிறோம் இல்லையா, அந்த 'இல்'தான் அது. நம் பிள்ளைகள் அதைத்தான் அதிகம் விட்டுவிடுகிறார்கள்.

கேட்டவர்:
'படிக்கும் பழக்கம்' என்றதுமே மகளுக்குப் புரிந்துவிட்டது. 'எ பென் டு ரைட் வித்' என்று அவளே எழுதிக் காட்டினாள். இருவருக்கும் மிக்க நன்றி.