பைக் குழுவின் பெயரைக் காப்பாற்ற நன்கொடை திரட்டலாமா?

கெடிலக்கரை:
ஞாயிறு காலை கடலூர் சில்வர் பீச் சாலையில் நம் வண்டிகள் போடும் சத்தத்தைப் பற்றி ஊரே பேசுகிறது. தேவனாம்பட்டினத்தில் டீ குடிக்க நின்றால் "வந்துட்டானுங்கடா" என்று காதுபடவே சொல்கிறார்கள். ஆளுக்கு 500 ரூபாய் போட்டு, கடைகளிலும் வசூலித்து, ஜூன் மாதம் பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்டும் பையும் கொடுப்போமா? பேப்பரில் படம் வந்தால் கெட்ட பெயர் போகும்.

பண்ருட்டி டீச்சர்:
தம்பி, அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்டும் பையும் அரசே கொடுக்கிறது. போன வருடம் எங்கள் பள்ளிக்கு இப்படித்தான் ஒரு குழு வந்தது. ஒரே ஒரு நோட்டை ஆறு பேர் பிடித்துக்கொண்டு போஸ் கொடுத்தார்கள். வாங்க வந்த பையன் முகம் படத்தில் தெரியவே இல்லை. அவன் நின்றது என்னவோ முக்கால் மணி நேரம், வெயிலில்.

மஞ்சக்குப்பம் மைனர்:
டீச்சர், படத்துக்காகப் போட்டாலும் சோறு சோறுதானே? கொடுப்பவன் மனசை யார் அளந்து பார்ப்பது? பெயர் வரும் என்றால்தான் நம் பையன்கள் பையில் கைவிடுவார்கள். எனக்கு அதில் வெட்கம் இல்லை.

வடலூர்க்காரி:
1867இல் வள்ளலார் தருமசாலையில் மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை. யார் யாரோ அரிசி மூட்டையை இறக்கிவிட்டுப் போகிறார்கள், பேனரா கட்டுகிறார்கள்?

மஞ்சக்குப்பம் மைனர்:
அக்கா, எங்களை வள்ளலாரோடு நிறுத்தினால் நாங்கள் எங்கே போவது!

ஓ.டி. வாசி:
2024 டிசம்பரில் ஃபெஞ்சல் மழைக்குப் பிறகு சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? கார் போக முடியாத சந்துகளில் இதே பையன்கள் டேங்க் மேல் பால் பாக்கெட்டை வைத்துத் தள்ளிக்கொண்டே போனார்கள். என் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு மாத்திரை கொண்டுவந்தவன் பெயர்கூட அவருக்குத் தெரியாது. ஆனால் இப்போதும் அவன் வண்டிச் சத்தம் கேட்டால் பாட்டி மட்டும் திட்டுவதில்லை. தெருவில் மற்ற எல்லோரும் திட்டுகிறார்கள், அது வேறு.

கணக்குப்பிள்ளை:
வெளியாரிடம் வசூலித்தால் கணக்குக் கேட்பார்கள். நாம் சங்கமாகப் பதிவுகூடச் செய்யவில்லை. நாளைக்கு "காசை அடிச்சிட்டானுங்க" என்பார்கள். சத்தம் போட்ட பெயரே தேவலை என்று ஆகிவிடும்.

பண்ருட்டி டீச்சர்:
நோயே நீங்கள் மாற்றி மாட்டிய சைலன்சரில் இருக்கிறது, நீங்கள் நோட்டு வாங்கிக் கொடுக்கிறேன் என்கிறீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 190(2)இல் அதற்கு 10,000 ரூபாய் வரை அபராதம் போடலாம், தெரியும்தானே?

கெடிலக்கரை:
சரி டீச்சர், வெளி வசூல் வேண்டாம். ரத்தம் கொடுக்கலாமா? 18 வயது, 45 கிலோ எடை இருந்தால் போதும், மூன்று மாதத்துக்கு ஒரு முறை போகலாம். பேனர் இல்லை.

மஞ்சக்குப்பம் மைனர்:
ரத்தமும் கொடுத்து, பேனரும் இல்லாமல், சத்தத்தையும் குறைக்க வேண்டுமா? அப்புறம் எதற்கு அண்ணே குழு? நான் படம் எடுப்பேன், யாரும் தடுக்க வேண்டாம்.

ஓ.டி. வாசி:
எடுத்துக்கொள் தம்பி. முதலில் கம்பெனி சைலன்சரை மாட்டு.

மஞ்சக்குப்பம் மைனர்:
மாடியில் கிடக்கிறது. துருப்பிடித்திருக்கும். பார்க்கிறேன்.