மேட் பெயின்ட் அடித்த பழைய ஜீப்பில் கோடு, சொரசொரப்பு, வெள்ளைப் படலம்: பஃபிங் பண்ணலாமா?

முதுநகர் ஜீப்:
வணக்கம். அப்பா ஓட்டிய 1986 மாடல் மஹிந்திரா எம்எம் 540. டிங்கரிங் முடித்து, கடலூர் முதுநகரிலேயே ஒரு ஷெட்டில் ராணுவ வண்டி மாதிரி மேட் பச்சை அடித்து வாங்கினோம். நிழலில் அழகாகத்தான் இருக்கிறது. வெயிலில் நிறுத்தினால் குறை தெரிகிறது. பானெட்டில் நீளவாக்கில் கோடு கோடாக, ஒன்று மங்கல், பக்கத்தில் உள்ளது லேசான பளபளப்பு. இரண்டு மட்கார்டிலும் கை வைத்தால் உப்புத்தாளைத் தடவுவது போல இருக்கிறது. பின் கதவில் வெள்ளை பூத்த மாதிரி ஒரு படலம், துடைத்தால் போகவில்லை. அடித்த அண்ணன், "காம்பவுண்டு (தேய்க்கும் பேஸ்ட்) போட்டு பஃபிங் (மெஷின் பாலிஷ்) பண்ணினால் எல்லாம் சமமாகிவிடும்" என்கிறார். கொடுக்கலாமா? எஃப்சி-க்கும் (தகுதிச் சான்றிதழுக்கும்) சீக்கிரம் போக வேண்டும்.

வில்லியனூர் பெயின்டர்:
தம்பி, பஃபிங்குக்கு மட்டும் கொடுக்காதீர்கள். மேட் பெயின்டில் சிலிக்கா மாதிரி ஒரு தூள் கலந்திருக்கும். பெயின்ட் காயும்போது மேற்பரப்பு கண்ணுக்குத் தெரியாத அளவில் கரடாக நிற்க அதுதான் காரணம். வெளிச்சம் அதில் பட்டுச் சிதறுவதால்தான் மேட். தேய்த்தால் அந்தக் கரடு மழுங்கி, தேய்த்த இடம் பளபளக்கும். அதைத் திரும்ப மேட் ஆக்க எந்தப் பாலிஷும் கிடையாது.

இரண்டு விஷயம் சொல்லுங்கள். ஜீப்புக்கு அடியில், கண்ணில் படாத இடத்தில், தின்னர் நனைத்த வெள்ளைத் துணியை அரை நிமிடம் அழுத்திப் பிடித்துத் துடையுங்கள். நிறம் துணியில் வருகிறதா? அப்புறம், எந்தப் பாகத்தை எந்த நேரத்தில் அடித்தார்கள்?

முதுநகர் ஜீப்:
துணி முழுக்கப் பச்சை அண்ணா, பெயின்டே கரைந்து வந்துவிட்டது. பானெட்டும் மட்கார்டும் நல்ல மதிய வெயிலில், திறந்த ஷெட்டில் அடித்தது. பின் கதவை அன்று மழை விட்ட பிறகு, சாயங்காலம் அடித்தார்கள்.

வில்லியனூர் பெயின்டர்:
அப்படியானால் அது பெரும்பாலும் என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்ட், தின்னர் ஆவியாகி மட்டுமே காயும் வகை. ஹார்டனர் என்ற இறுக்கும் திரவம் கலந்து அடிக்கும் டூ-கே பியூ (பாலியூரித்தேன்) நன்றாகக் காய்ந்திருந்தால் தின்னருக்கு அப்படிக் கரையாது.

வெள்ளைப் படலம் ஈரத்தால் வந்தது. என்சி தின்னர் வேகமாக ஆவியாகும்போது தகடு குளிர்ந்துபோகிறது. மழைவிட்ட சாயங்காலம், அதுவும் துறைமுகத்துப் பக்கம், காற்றில் ஈரம் நிறைய. அந்த ஈரம் குளிர்ந்த தகட்டில் நீராகப் படிந்து பெயின்டுக்குள் மாட்டிக்கொண்டது. மட்கார்டு சொரசொரப்புக்குக் காரணம் வெயிலும் காற்றும். ஸ்ப்ரே கன்னைத் தள்ளிப் பிடித்தாலோ, பிரஷர் கூடினாலோ பெயின்ட் போய்ச் சேரும் முன்பே பாதி காய்ந்து தூளாக உட்காரும். பானெட் கோடு, கன்னின் ஒரு ஓட்டமும் அடுத்த ஓட்டமும் ஒரே அளவில் ஒன்றன்மேல் ஒன்று விழாததால் வருவது. கனமாக விழுந்த இடம் பளபளக்கும், மெல்லியதாக விழுந்த இடம் மங்கும். டின்னின் அடியில் தங்கிய மேட் தூளைச் சரியாகக் கலக்காமல் ஊற்றினாலும் இதே மாதிரி ஆகும்.

மஞ்சக்குப்பம்:
பெயின்டைவிட முக்கியமான விஷயம் ஒன்று. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ல் 121-வது விதிப்படி ஆலிவ் பச்சை ராணுவ வண்டிகளுக்கு மட்டும்தான். உங்கள் ஆர்சி-யில் என்ன நிறம்? வேறு நிறத்துக்கு மாற்றினால் ஆர்டிஓ-வில் அதைப் பதிய வேண்டும். எஃப்சி அன்று கேட்டால் பதில் இருக்காது.

முதுநகர் ஜீப்:
இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். சாம்பல் என்று இருக்கிறது. நல்லவேளை சொன்னீர்கள் சார். மறுபடி அடிப்பது என்று ஆகிவிட்டதால் மேட் சாம்பலே அடித்துவிடுகிறேன். இந்தப் பச்சை மேலேயே டூ-கே அடிக்கலாமா?

முத்தியால்பேட்டை:
அடிக்கலாம் தம்பி. 400 நம்பர் உப்புத்தாளில் தேய்த்துவிட்டு, துரு தடுக்கும் எபாக்சி பிரைமர் ஒரு கோட் கொடுத்து மேலே அடியுங்கள். முழுக்க உரித்தால் கூலி எங்கேயோ போய்விடும்.

வில்லியனூர் பெயின்டர்:
செலவு குறையும், சரிதான். ஆனால் டூ-கே தின்னர் அடியில் உள்ள என்சி-யைக் கிளப்பிச் சுருங்க வைக்கக்கூடும். எபாக்சி போட்டாலும் ஓர் ஓரத்தில் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். பின் கதவில் ஈரம் மாட்டியிருப்பது உறுதி, அதை எதை வைத்து மூடினாலும் எனக்கு மனம் ஒப்பாது. முப்பது வருடத்துக்கு மேல் நின்ற வண்டி, உரித்துவிடுங்கள்.

தகடு வெளியே தெரிந்த அன்றே எபாக்சி போட்டுவிட வேண்டும். நம் கடற்கரையில் ஓர் இரவு விட்டால் காலையில் துரு பூத்திருக்கும். பிரைமருக்கு முன் நல்ல தண்ணீரில் கழுவிக் காய வையுங்கள். போர்வெல் தண்ணீர் உப்பாக இருந்தால் கடைசிக் கழுவலுக்கு அது ஆகாது. பெயின்டுக்கு அடியில் தங்கும் உப்பு ஈரத்தை இழுத்து, கொஞ்ச நாளில் கொப்புளமாக எழும்பும்.

மேட் எல்லாவற்றையும் மறைக்கும் என்று பலர் நம்புகிறார்கள். மேடு பள்ளம் ஓரளவு மறையும். உப்புத்தாள் கீறல் மறையாது, ஏனென்றால் பிறகு தேய்த்துச் சரிசெய்ய வழியே இல்லை. பள்ளத்தில் நிரப்பிய பட்டியை வெறும் கையால் தேய்க்காமல் மரக்கட்டையில் தாள் சுற்றித் தேய்க்கச் சொல்லுங்கள். டூ-கே சர்ஃபேசர் (தேய்த்துச் சமமாக்கும் பிரைமர்) அடித்த பிறகு அதன்மேல் லேசாகக் கறுப்பு ஊதிவிட்டுத் தேய்த்தால், கறுப்பு நிற்கும் இடமெல்லாம் பள்ளம் என்று தெரியும். 400-ல் தொடங்கி 600 அல்லது 800-ல் முடியுங்கள்.

அடிக்கும் நாளன்று எல்லா டின்னையும் ஒரே பக்கெட்டில் கொட்டி, அடிவரை கலக்க வேண்டும். ஹார்டனரை அவ்வப்போது தேவைக்கு மட்டும், டின்னில் போட்ட அளவுப்படியே சேர்க்க வேண்டும். அளவு மாறினால் பாகத்துக்குப் பாகம் பளபளப்பு மாறும். கன் 15 முதல் 20 செ.மீ. தூரம், ஒவ்வொரு ஓட்டமும் முந்தையதில் பாதிக்கு மேல் விழ வேண்டும். முதல் கோட் நீளவாக்கில், அடுத்தது குறுக்காக. ஈர மினுமினுப்பு எல்லா இடத்திலும் போன பிறகுதான் அடுத்த கோட். பானெட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு டீக்குப் போகக் கூடாது.

முதுநகர் ஜீப்:
எந்த நேரத்தில் அடிப்பது அண்ணா? ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால்?

வில்லியனூர் பெயின்டர்:
அடைமழையில் வேண்டாம். மழைக்காலம் முடியட்டும். பனி உலர்ந்த பிறகு, கடல்காற்று ஏறும் முன், அந்த முற்பகல் நேரம்தான் நமக்கு. தகட்டின் சூடு, பனி படியும் சூட்டைவிடக் குறைந்தது 3 டிகிரி கூட இருக்க வேண்டும். கம்ப்ரசர் டேங்கில் தேங்கிய தண்ணீரைத் தினமும் திறந்துவிடச் சொல்லுங்கள், குழாயில் வாட்டர் செப்பரேட்டர் கட்டாயம். தூசி விழுந்தால் மேட்டில் எடுக்க முடியாது, அதனால் ஷெட் தரையை நனைத்துவிட்டு, தூசியை ஒட்டி எடுக்கும் டாக் துணியால் வண்டியைத் துடைத்துத் தொடங்க வேண்டும்.

இதையும் அந்தப் பெயின்டரிடம் சொல்லுங்கள்: டூ-கே ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது, வெறும் கைக்குட்டை கட்டிக்கொண்டு அடித்தால் ஆஸ்துமா வரக்கூடும். முகத்தோடு பொருந்தும் சரியான மாஸ்க் இல்லாமல் அவரைக் கன்னைத் தொட விடாதீர்கள். முடிந்தால் காற்றுக் குழாய் மாஸ்க்.

முதுநகர் ஜீப்:
மாஸ்க் நானே வாங்கிக் கொடுக்கிறேன். உரிக்கும் வேலையை இந்த வாரமே தொடங்குகிறோம். பிறகு கீறல் விழுந்தால்?

வில்லியனூர் பெயின்டர்:
அந்த இடத்தில் மட்டும் ஒட்டுப்போட்டால் திட்டாகத் தெரியும். அந்தப் பாகத்தை முழுக்க அடிக்க வேண்டியதுதான். அதற்காக, ஹார்டனர் கலக்காத பெயின்ட் அரை லிட்டர் மூடி இறுக்கி எடுத்து வையுங்கள். மெழுகு, பாலிஷ் எதுவும் வேண்டாம், மென்மையான ஷாம்பு போதும். பறவை எச்சம் விழுந்தால் காயும் முன் நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.