வடக்குத்தெரு வீடு: அப்பாவின் ஸ்கேன் ரிப்போர்ட்

கார்த்தி: அப்பாவின் வயிற்று ஸ்கேன் ரிப்போர்ட் வந்துவிட்டது. படம் கீழே. டாக்டர் திங்கள்கிழமைதான் பார்ப்பார்.

செல்வி: நான்கு இடத்தில் ‘அன்ரிமார்க்கபிள்’ என்று போட்டிருக்கிறதே!

செல்வி: என்னடா இது

ரத்தினம்: அகராதியில் பார்த்தேன். ‘குறிப்பிடும்படியாக இல்லாதது’ என்று இருக்கிறது. சொல்லிக்கொள்ளும்படி இல்லை என்றால் மோசம்தானே? அண்ணனின் பித்தப்பை அவ்வளவு பழுதாகிவிட்டதா?

கோமதி: ஐயோ முருகா

கோமதி: காலையிலிருந்து அவர் இட்லியைத் தொடவில்லை

செல்வி: அம்மா, அழாதே. மீனா எங்கே?

கார்த்தி: டியூட்டியில் இருப்பாள்

பாண்டி: காதுகுத்துக்கு மண்டபத்துக்காரர் அட்வான்ஸ் கேட்கிறார். இன்றே சொல்ல வேண்டுமாம்.

செல்வி: இப்போது அதுவா முக்கியம்

மீனா: இப்போதுதான் டியூட்டி முடிந்தது. பெரியம்மா, முதலில் பெரியப்பாவுக்கு இட்லி கொடுங்கள். ‘அன்ரிமார்க்கபிள்’ நல்ல வார்த்தை. ஸ்கேன் டாக்டர் உறுப்புகளுக்கு மார்க் போடுவதில்லை. கல், கட்டி, வீக்கம் என்று குறித்து எழுத அவர் கண்ணில் ஒன்றும் படவில்லை, அவ்வளவுதான். பித்தப்பை, மண்ணீரல், இரண்டு சிறுநீரகம், நான்குக்கும் அதைத்தான் எழுதியிருக்கிறார். சாப்பாட்டைப் பற்றி ‘சொல்லும்படி இல்லை’ என்றால் குறை. ஸ்கேனில் சொல்லும்படி ஒன்றும் இல்லை என்றால் நிம்மதி.

கோமதி: நிஜமாகவா மீனா

ரத்தினம்: அப்படியானால் கல்லீரலுக்கு எதற்கு ‘குரோஸ்லி நார்மல்’? குரோஸ் என்றால் பன்னிரண்டு டஜன், 144. நாற்பது வருடம் அந்தக் கணக்கில்தான் கடைக்குப் பட்டன் வாங்கினேன்.

செல்வி: கல்லீரலில் பட்டனா சித்தப்பா

மீனா: அப்பா, வியாபாரத்தில் அது சரி. ரிப்போர்ட்டில் ‘குரோஸ்லி நார்மல்’ என்றால் மொத்தமாகப் பார்க்கையில் இயல்பாக இருக்கிறது என்று பொருள். திட்டும்போது வரும் ‘குரோஸ்’ வேறு, அதை இங்கே சேர்க்கக் கூடாது.

கோமதி: கணையத்தில் ஏதோ கேஸ் என்று கார்த்தி வாசித்தானே. என்ன கேஸ்?

செல்வி: கிணற்றுக் கேஸ் போதாதென்று இது வேறா

ரத்தினம்: அதை ஏன் இங்கே இழுக்கிறாய்

கார்த்தி: செல்வி, விடு

மீனா: கோர்ட் கேஸ் இல்லை பெரியம்மா, வயிற்று வாயு! குடலில் வாயு இருந்தால் ஸ்கேனின் ஒலி அலை அதைத் தாண்டிப் போகாது, பின்னால் இருக்கிற கணையம் மறைந்துவிடும். வெறும் வயிற்றோடு வரச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். கணையம் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. நன்றாக இருக்கிறது என்றும் இதை வைத்துச் சொல்ல முடியாது. இந்த ஒன்றை மட்டும் டாக்டரிடம் கட்டாயம் கேளுங்கள்.

கார்த்தி: போகிற வழியில் டீயும் பருப்பு வடையும் சாப்பிட்டார்

கோமதி: என்னிடம் சொல்லவே இல்லை!

கார்த்தி: பழைய சீட்டில் ‘கிரானிக்’ என்று இருக்கிறதே, அது முற்றிய நோய்தானே?

மீனா: இல்லை அண்ணா. கிரானிக் என்றால் நாள்பட்டது, அக்யூட் என்றால் திடீரென வந்தது. எவ்வளவு கடுமை என்பதை இரண்டுமே சொல்லாது. அப்புறம், கடைசி வரியில் ‘கிளினிக்கல் கோரிலேஷன்’ என்று இருப்பதைப் பார்த்தும் பயப்படாதீர்கள். பெரியப்பாவை நேரில் பரிசோதித்து, வலி எங்கே என்று கேட்டு, அதோடு ரிப்போர்ட்டைச் சேர்த்துப் பார்த்து முடிவு செய்யுங்கள் என்று ஸ்கேன் டாக்டர் நம் டாக்டருக்கு எழுதுவது.

கோமதி: 2020-ல் ஆச்சிக்குக் கொரோனா ‘நெகட்டிவ்’ என்று வந்தபோதும் இப்படித்தான் அழுதேன்

செல்வி: ஆச்சி பாம்படத்தைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டாள்

பாண்டி: அதைத் திருப்பிக் கொடுத்தாயா

செல்வி: அதை அப்புறம் பேசலாம்

மீனா: தேடிய நோய் இல்லை என்பதுதான் அந்த நெகட்டிவ். தெரியாத வார்த்தை வந்தால் எந்த நேரமானாலும் எனக்கு அனுப்புங்கள். நீங்களே அர்த்தம் பார்த்துவிட்டுப் பட்டினி கிடக்காதீர்கள்.

செல்வி: திங்கள்கிழமை அப்பாவோடு யார் போவது? எனக்கு லீவு கிடைக்காது.

கார்த்தி: எனக்கு அன்று ஆடிட். மதியத்துக்கு மேல் முடியலாம்.

மீனா: எனக்குக் காலை டியூட்டி, மாற்ற முடியுமா என்று கேட்கிறேன்

ரத்தினம்: நான் கார் எடுத்து வருகிறேன். அண்ணன் ஏறுவாரா என்று மதினி கேட்டுச் சொல்லட்டும்.

கார்த்தி: சித்தப்பா

கோமதி: இட்லி இரண்டு சாப்பிட்டார். தூங்கி எழட்டும், கேட்கிறேன்.

பாண்டி: மண்டபத்துக்காரருக்கு என்ன சொல்ல?