பழைய வார்ப்பா, புதியதா? வாங்கும் முன் எப்படி அறிவது?

1/25 அளவில் அமெரிக்கக் கார்களின் பிளாஸ்டிக் மாதிரி கிட்களை (பாகங்களை ஒட்டிச் சேர்ப்பவை) வாங்கிக் கட்டும் நண்பர்களிடம் ஓர் உதவி.

செவ்ரோலே இம்பாலா கார் கிட் ஒன்று வாங்கினேன். புதுப் பெட்டி, புது ஓவியம், புது டிகால் (ஒட்டுப்படம்) தாள். திறந்தால் 1960களின் அதே வார்ப்பு! எஞ்சின் பிளாக்கின் குறுக்கே ஓட்டை, முன்சக்கர ஆக்சில் கம்பி அதன் வழியாகத்தான் போகிறது. ஓரமெல்லாம் பிளாஸ்டிக் பிசிறு. விலை மட்டும் இந்த ஆண்டு விலை.

பாகங்களை வார்க்கும் எஃகு அச்சுகள் பல பத்தாண்டுகள் உழைக்கும், புதிதாக வெட்டப் பெருஞ்செலவாகும் என்பது புரிகிறது. பழைய அச்சிலிருந்து மறுவெளியீடு இல்லாவிட்டால் சில கார்கள் நம் கைக்கே வந்திருக்காது என்பதும் உண்மை. ஆனால் அதைப் பெட்டியில் சொல்லிவிட்டு விற்கலாமே.

பெட்டியில் உள்ள பதிப்புரிமை (©) ஆண்டை எவ்வளவு நம்பலாம்? அது ஓவியத்துக்கு மட்டுமானதாகவும் இருக்கக்கூடும். கடைக்காரரிடம் எந்தப் பாகத்தின் படத்தைக் கேட்டால் உடனே தெரிந்துவிடும்? அடிச்சட்டமா, எஞ்சினா?

1960களின் அமெரிக்கக் கார்களில் உண்மையிலேயே புதிய அச்சில் வந்தவை எவை? நீங்களே கட்டியவற்றை மட்டும் சொல்லுங்கள். 1/24 என்றாலும் சரி.